மாட்டாஸ்பத்திரி வந்த கதை: வெள்ளைக்காரர் காலத்துக் கால்நடைத் துறையும் வெக்கை நோயும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய ஜில்லா கெசட்டியர், கால்நடைத் துறை அறிக்கை என்று எதையாவது புரட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பழக்கம். அதைப் பற்றி நாலு பேரிடம் பேசினால் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

வெக்கை என்றால் கோமாரிதானே?

இல்லை. கோமாரியில் வாயிலும் குளம்பிலும் புண் வரும், மாடு நொண்டும், பால் வற்றும், ஒரு பருவத்து உழவு கெடும். ஆனால் வளர்ந்த மாடு பெரும்பாலும் தேறிவிடும். வெக்கை அப்படியல்ல. ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட் என்பார்கள். முதலில் கடும் காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். உதட்டைப் புரட்டிப் பார்த்தால் உள்பக்கமும் ஈறும் தவிட்டைத் தூவி வைத்ததுபோல இருக்கும், தேய்த்தால் உரிந்து வந்து அடியில் சிவந்த புண் தெரியும். பிறகு கழிச்சல். அந்த நாற்றத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தாங்காத மாடு ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு வரும் தட்டம்மைக் கிருமிக்கும் இதற்கும் நெருங்கிய உறவு. பிழைத்த மாட்டுக்கு ஆயுசுக்கும் மறுபடி வராது. சமவெளி நாட்டு மாடுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. மலை மாடும் எருமையும் சீமை இனக் கலப்பும் அப்படியே சரிந்தன. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், ஊசி போடும் கதையில் திரும்ப வரும்.

அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய் எல்லாமும் அந்தக் காலத்தில் மாடுகளைக் கொன்றன. ஆனால் கலெக்டர் தூக்கத்தைக் கெடுத்தது வெக்கைதான்.

கால்நடைத் துறை விவசாயிக்காகத்தானே தொடங்கப்பட்டது?

குதிரைக்காகத் தொடங்கப்பட்டது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படை வேண்டும், படைக்குக் குதிரை வேண்டும், இந்தியாவில் கிடைத்த குதிரை அவர்களுக்குப் போதவில்லை. பீகாரில் பூசா என்ற இடத்தில் குதிரைப் பண்ணை வைத்திருந்தார்கள். அதைக் கவனிக்க 1808ல் வில்லியம் மூர்கிராஃப்ட் வந்தார். பிரான்சின் லியோன் நகரில் போய்க் கால்நடை மருத்துவம் படித்த ஆங்கிலேயர். ஆளுக்குக் குதிரைப் பைத்தியம். நல்ல இனக் குதிரை தேடி இமயமலையைத் தாண்டி, லடாக், காஷ்மீர், புகாரா என்று வருஷக்கணக்கில் அலைந்து, 1825ல் ஆப்கானிஸ்தானத்தின் வடகோடியில் காய்ச்சலில் செத்துப்போனார். தேடிப்போன குதிரை கிடைக்கவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு சாட்சி ஓசூரை அடுத்த மத்திகிரி. 1824ல் அது படைக்குக் குதிரை தயார் செய்யும் இடம். அது விவசாயத் துறையின் கையில் வந்து மாட்டுப் பண்ணையாக மாற 1924 ஆகிவிட்டது. சரியாக நூறு வருஷம்.

மாட்டை அவர்கள் கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் பீரங்கி இழுத்தால்தான் கவனித்தார்கள். மைசூர் அரசர்கள் வளர்த்த அமிர்த மஹால் மாடுகளை 1799ல் திப்பு விழுந்ததும் கம்பெனி எடுத்துக்கொண்டது அதற்காகத்தான். ஏர் இழுக்கும் மாடு செத்தால் அது குடியானவன் தலைவிதி.

பிறகு எப்படி உழவு மாட்டின் பக்கம் திரும்பினார்கள்?

இங்கிலாந்தில் மாடு செத்த பிறகு.

1865ல் ரிண்டர்பெஸ்ட் இங்கிலாந்துக்குள் நுழைந்து இரண்டு வருஷத்துக்குள் சுமார் 4 லட்சம் மாடுகளைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இங்கே இருந்த அதிகாரிகளுக்கு, கிராமங்களில் கொத்துக்கொத்தாக மாடு விழுவதும் இதே நோயோ என்ற சந்தேகம் பலமாக வந்தது. சென்னை மாகாணத்தில் 1866லேயே மாட்டு நோய்ச் சட்டம் ஒன்று போட்டார்கள். 1869ல் இந்திய அரசு ஒரு கமிஷன் அமைத்தது. தலைவர் ஹாலன் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர். 1871ல் அறிக்கை வந்தது.

இந்தக் கமிஷனுக்கு முதல் தலைவலியே பெயர்தான். ஜில்லாவுக்கு ஜில்லா நோய்க்கு வேறு பெயர். சில இடங்களில் மனிதருக்கு வரும் அம்மைக்கும் மாட்டு நோய்க்கும் ஒரே சொல். கடைசியில் இது ஐரோப்பாவில் வந்த அதே நோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். தனியாக ஒரு கால்நடைத் துறை வேண்டும் என்ற பேச்சும் அப்போதே அடிபட்டது.

சரி, அதோடு துறை வந்துவிட்டதா? இல்லை. நடுவில் 1876-78 தாதுவருஷப் பஞ்சம் வந்தது, மனிதர்களே சாலையோரம் செத்துக் கிடந்தார்கள், மாட்டைப் பற்றி யார் பேசுவார்கள். சிவில் கால்நடைத் துறை என்று ஒன்று உருப்பெற 1890களின் தொடக்கம் ஆகிவிட்டது. அப்போதும் குதிரை, கோவேறு கழுதை இனப்பெருக்கம் அதன் தலையில்தான் இருந்தது. 1903ல் அந்த வேலையை ராணுவம் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் துறைக்கு மாட்டைப் பார்க்க நேரம் கிடைத்தது.

நோய் கண்ட மாட்டை எல்லாம் கொன்று நோயை ஒழித்திருக்கலாமே? இங்கிலாந்தில் அப்படித்தானே செய்தார்கள்?

அங்கே செய்தார்கள், நோயும் ஒழிந்தது. தென் ஆப்பிரிக்காவிலும் 1896ல் அதே வழியில் இறங்கினார்கள். அங்கே பெச்சுவானாலாந்து என்ற பகுதியில் ஆப்பிரிக்கர்களின் மாடுகளைச் சுட்டபோது வெடித்த கோபம் அடுத்த வருஷம் கலகமாகவே மாறியது. நோயும் நிற்கவில்லை.

இந்தியாவில் அரசு பசுவைச் சுடுவதாவது! 1893ல் பசுவதையை வைத்து வட இந்தியாவில் பெரும் கலவரங்கள் நடந்தன. அந்த நேரத்தில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்கார அதிகாரி தொழுவத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். இன்னொரு காரணம் சாதாரணமானது: கொன்றால் நஷ்டஈடு தர வேண்டும், இத்தனை கோடி மாட்டுக்கு எங்கே போவது. மதத்தைக் காரணமாகச் சொல்வது கஜானாவுக்கும் வசதியாக இருந்தது என்பது என் எண்ணம்.

ஆகக் கொல்லவும் முடியாது, சந்தையை முழுசாக மூடவும் முடியாது. மிச்சமிருந்த ஒரே வழி ஊசி. காலனி அரசு தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாமல் போன இடத்தில்தான் உருப்படியான ஆராய்ச்சி நடந்தது என்று நான் அடிக்கடி சொல்வேன். மறுப்பவர்களும் உண்டு.

மாட்டு நோயை ஆராயும் அரசு ஆய்வகத்தை ஏன் இமயமலையில் கொண்டுபோய் வைத்தார்கள்?

முதலில் புனேயில்தான் வைத்தார்கள், 1889ல். லிங்கார்டு என்பவர் தலைமை. ஊருக்கு நடுவே உயிருள்ள கிருமியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மாடுகள் நடமாடும் இடத்தில் ஆராய்ச்சி செய்வது கிறுக்குத்தனம் என்று சீக்கிரமே புரிந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம் வேறு. 1893ல் குமாவோன் மலையில் முக்தேசுவர் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். சுமார் 7,500 அடி உயரம், சுற்றிலும் காடு, ஐஸ் போன்ற குளிர். ரயில் காத்கோதாமோடு நின்றுவிடும், அதற்கு மேல் மலைப்பாதை.

அங்கே 1897ல் ராபர்ட் கோக் வந்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த அதே கோக்தான். அதற்குச் சற்று முன்புதான் தென் ஆப்பிரிக்காவின் கிம்பர்லியில் உட்கார்ந்து, வெக்கையில் செத்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டுக்கு ஊசியாகப் போட்டால் நோய் வராது என்று சொல்லியிருந்தார். பம்பாயில் பிளேக் ஆராய வந்தவரை மலைக்கும் அழைத்துக்கொண்டார்கள். பித்தநீர் முறை இங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. ஒரு மாடு செத்தால் கிடைக்கும் பித்தம் எத்தனை மாட்டுக்குக் காணும்? 1899லிருந்து சீரம் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

சீரம் எப்படி வரும் என்றால், நோயைத் தாங்கி நிற்கும் ஒரு காளைக்கு நோய்க் கிருமியுள்ள ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஏற்றுவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியதும் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, உறைவதைப் பிரித்து, மேலே தெளியும் மஞ்சள் நீரைக் கெடாமல் இருக்கக் கார்பாலிக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். தேவை கூடியதும் மலையில் இடம் போதாமல் 1913ல் கீழே பரேலிக்கு அருகே இஜ்ஜத்நகரில் இன்னொரு இடம் திறந்தார்கள். இன்றைக்கு அதுதான் அந்த ஆய்வகத்தின் தலைமையகம்.

சீரம் போட்டால் மாடு தப்பிவிடுமா?

சில நாட்களுக்கு. அதுதான் சிக்கல்.

ஒரு ஊரில் நோய் கண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராம முன்சீப் தாசில்தாருக்கு எழுதுவார், தாசில்தார் மேலே எழுதுவார், கால்நடை உதவியாளர் ஒருவர் சீரம் பாட்டில் அடுக்கிய மரப்பெட்டியோடு மாட்டு வண்டியில் வந்து இறங்குவார். அதற்குள் ஏழெட்டு மாடு போயிருக்கும். மந்தைவெளியில் மாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூக்கணாங்கயிற்றை இழுத்துக் கட்டி, எடையைக் கண்ணால் மதிப்பிட்டு, தடித்த ஊசியைத் தோலுக்கடியில் குத்தி மருந்தை ஏற்ற வேண்டும். மலை மாட்டுக்கும் எருமைக்கும் அளவு கூட, அதாவது செலவும் கூட. இந்த ஊசியின் பலன் இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும். பரவிக்கொண்டிருக்கும் நோயைத் தடுத்து நிறுத்த இது போதும். ஆறு மாசம் கழித்துப் பக்கத்து ஊர்ச் சந்தையிலிருந்து மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு பக்கம் சீரமும் மறுபக்கம் உயிருள்ள நோய் ரத்தமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். மாட்டுக்கு நோய் லேசாக வந்து போய்விடும், ஆயுசுக்கும் கவலையில்லை. ஆனால் ரத்தத்தோடு ரத்தமாக உண்ணிக்காய்ச்சல் போன்ற வேறு நோய்களும் ஏறிவிடும், சில மாடு சாகும், அளவு தவறினால் நாமே ஊருக்குள் வெக்கையைக் கொண்டுபோய் விட்டதாகிவிடும். அரசுப் பண்ணைகளுக்கும் பணக்காரர் மாடுகளுக்கும் சரி. ஒரு ஜோடி உழவு மாடு வைத்திருப்பவன் துணிவானா?

திருப்பம் 1920களில் வந்தது, அதுவும் வெள்ளாட்டின் புண்ணியத்தில். எட்வர்ட்ஸ் என்ற முக்தேசுவர் இயக்குநர், கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் அது மாட்டின் மீதான வீரியத்தை இழந்துவிடுவதைக் கண்டார். 1927 வாக்கில் அதைத் தனியாகவே, சீரம் இல்லாமல், சமவெளி மாட்டுக்குப் போடலாம் என்ற நிலை வந்துவிட்டது. ஆட்டின் மண்ணீரலைக் காயவைத்துப் பொடியாக்கி அனுப்பினார்கள். விலை மலிவு. பாதுகாப்பு வருஷக்கணக்கில். நம் நாட்டு மாடு இயல்பாகவே கொஞ்சம் தாங்கும் என்று முதலில் சொன்னேனே, அதனால்தான் இது இங்கே எடுபட்டது. மலை மாட்டுக்கும் கலப்பு மாட்டுக்கும் இதுவே சில சமயம் கடுமையாக இருந்தது.

ஊர்க்காரர்கள் மூடநம்பிக்கையால் ஊசியை எதிர்த்தார்கள் என்கிறார்களே?

அறிக்கைகளில் இந்த வரி அலுக்க அலுக்க வரும். நான் நம்புவதில்லை, முழுதாக நம்புவதில்லை என்று திருத்திக்கொள்கிறேன்.

நோய் இருக்கிறது என்று சொன்னால் என்ன நடக்கும்? ஊர் மாட்டை வெளியே விற்க முடியாது, பொது மேய்ச்சலுக்கு விட முடியாது, வண்டி வாடகைக்குப் போக முடியாது. சொல்லாமல் இருந்தால் குறைந்தபட்சம் நன்றாக இருக்கும் மாட்டை அடுத்த சந்தையில் தள்ளிவிடலாம். இது கணக்கு, மூடநம்பிக்கை அல்ல. நோய் அப்படித்தான் நகர்ந்தது: மைசூர்ப் பக்கத்திலிருந்து தரகர்கள் ஓட்டி வரும் மந்தை, வழியில் தண்ணீர் காட்டிய குளம், காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் தேர், அந்தியூர் குருநாதசாமி திருவிழா மாதிரி மாடு கூடும் இடங்கள். இன்னொரு இடம் பவுண்டு. வெள்ளாமையில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்க 1871ல் சட்டம் போட்டு அரசே கட்டிய பட்டி. பத்து ஊர் மாடு ஒரே சுவருக்குள். அதைவிட நல்ல நோய்ப்பண்ணை கிடைக்காது.

வேப்பிலை கட்டுவது, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, சூடு போடுவது எல்லாம் நடந்தன. சூடு போடுவதால் வெக்கை போகாது. ஆனால் நோய் முடியும்வரை எல்லை கட்டி வெளி ஊர் மாட்டை உள்ளே விடாமலிருப்பது இருக்கிறதே, அதுவும் சாமி பேரில் செய்ததுதான். தாசில்தார் உத்தரவில் வந்த தனிமைப்படுத்தலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? ஊர் தானே செய்ததால் ஊர் அதைக் காப்பாற்றியது.

தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைத்தார்கள் என்பது உண்மையா?

நடந்திருக்கிறது. குன்றிமணியை அரைத்து ஊசிபோலக் காயவைத்து மாட்டின் உடம்பில் குத்திவிடுவார்கள், குத்திய இடம் தெரியாது. வெள்ளைப் பாஷாணம் தீவனத்தில் வைப்பதும் உண்டு. செத்த மாட்டின் தோல் யாருக்குச் சேருமோ அவர்கள்மேல் பழி விழும். வட இந்தியாவில் போலீஸ் இதற்காகச் சமார் சாதியையே கண்காணித்தது. ஆனால் பத்து மாடு ஒரே வாரத்தில் விழுந்தால் அது வெக்கையா தொண்டை அடைப்பானா விஷமா என்று சொல்ல ஊரில் மருத்துவரே இல்லாத காலத்தில் விஷம் என்று எழுதிவிடுவது சுலபம், ஒரு சாதியைப் பிடித்து அடைப்பது இன்னும் சுலபம்.

சென்னைக் கால்நடைக் கல்லூரி எப்போது வந்தது?

1903 அக்டோபரில், வேப்பேரியில், டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில், 20 மாணவர்களோடு. லாகூர் (1882), பம்பாய் (1886), கல்கத்தா (1893) எல்லாம் முந்திக்கொண்டன. ஆனால் பட்டப்படிப்பில் சென்னை முந்தியது: 1930களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதலில் கால்நடை மருத்துவப் பட்டம் கொடுத்தது இதுதான்.

படித்து வந்தவர்களுக்கு வெகுகாலம் உதவியாளர் பதவிதான். மேல் பதவிக்கு இங்கிலாந்தில் படித்திருக்க வேண்டும், நடைமுறையில் வெள்ளைத் தோல் வேண்டும். வெயிலில் ஊசி போட்டது ஒருவர், அறிக்கையில் கையெழுத்து இன்னொருவர்.

ஆனாலும் கண்டுபிடிப்பு நடக்காமல் இல்லை. மாட்டுக்கு மூக்குக்குள் சதை வளர்ந்து மூச்சு விடும்போது குறட்டை போடும் ஒரு நோய் உண்டு, தென்னிந்தியாவில் நிறைய. அதற்குக் காரணம் மூக்கின் ரத்தக் குழாயில் குடியிருக்கும் ஒரு புழு என்று 1930களின் தொடக்கத்தில் கண்டு சொன்னவர் சென்னையின் எம். அனந்தநாராயண ராவ். குளத்து நத்தை வழியாகப் பரவுவது. புழுவின் அறிவியல் பெயரோடு ராவ், 1933 என்றே இன்றும் எழுதுகிறார்கள்.

ஒரு டாக்டருக்கு எத்தனை மாடு?

1928ல் வெளிவந்த ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கை, 25,000 மாட்டுக்கு ஒரு உதவி மருத்துவராவது வேண்டும் என்றது. இது அவர்கள் ஆசைப்பட்ட கணக்கு! உண்மை நிலை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

கட்டாய ஊசி எப்போது வந்தது?

சென்னை மாகாணத்தில் 1940ல், வெக்கை நோய்க்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். வரிசையைப் பாருங்கள். 1866 சட்டத்தின்போது மாட்டைத் தனியே கட்டு என்று சொல்லத்தான் முடிந்தது, கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. 1932ல் சென்னையிலேயே சீரம் நிலையம் தொடங்கியாயிற்று, ஆட்டு மருந்து வந்தாயிற்று, அதற்குப் பிறகு போட்ட சட்டத்துக்குத்தான் பல் இருந்தது.

கடைசியில் வெக்கை எப்போது ஒழிந்தது?

1954ல் சுதந்திர இந்தியா நாடு முழுக்க ஊசி போடும் திட்டத்தைக் கையில் எடுத்தது. முதல் வருஷங்களில் அதே ஆட்டு மருந்துதான். பின்னால் கென்யாவில் முகுகா ஆய்வகத்தில் பிளௌரைட் உருவாக்கிய தடுப்பூசி வந்தது. எல்லா இன மாட்டுக்கும் ஒத்துக்கொள்ளும். சென்னையின் சீரம் நிலையம் 1948ல் ராணிப்பேட்டைக்கு மாறி அங்கே பெரிதாக வளர்ந்தது.

இதில் ஒரு விசித்திரம். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தென்பட்டது 1995ல், வட ஆற்காட்டில். ராணிப்பேட்டை இருக்கும் அதே சீமை. 2006ல் இந்தியாவில் நோய் இல்லை என்றும், 2011ல் உலகத்திலேயே இல்லை என்றும் அறிவித்தார்கள். மனிதரில் பெரியம்மைக்கு அடுத்து உலகத்திலிருந்து துடைத்தெறியப்பட்ட நோய் இதுதான். இப்போது படித்து வரும் இளம் மாட்டு டாக்டர்கள் ஒருவரும் அந்தத் தவிட்டுப் புண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை, புத்தகத்தில் படம் பார்த்துத்தான் தேர்வு எழுதுகிறார்கள்.